குழப்படிப் பிள்ளைக்கும் அமைதியான பிள்ளைக்கும் ஒரே குளிசையா?

வகுப்பில் கதிரையில் இருக்காமல் ஓடித் திரிகிற பிள்ளையின் தாயை ரீச்சர் உடனே கூப்பிட்டுவிடுவார். மட்டக்களப்பில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதுதான் நடக்கும். ஆனால் கொப்பியைத் திறந்து வைத்துவிட்டு யன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையை, அதுவும் பெண் பிள்ளை என்றால், யாரும் கவனிப்பதில்லை, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் நெருங்கும்போது "சோம்பேறி" என்று ஏசத் தொடங்குவார்கள். எனக்கு மிகவும் மனம் நோகிற விசயம் இது. இரண்டு பேருக்கும் இருப்பது ஏடிஎச்டி (ADHD) என்கிற, கவனமும் அடக்கமும் குழம்புகிற ஒரே குறைபாடாக இருக்கலாம்.

கவனம் நிற்காதது, துருதுருப்பும் அவசரமும் கூடியது, இரண்டும் கலந்தது என்று மூன்று விதம் உண்டு. ஆனால் விதத்துக்கு ஒரு மருந்து என்று இல்லை. அதிகம் பயன்படுவது மெதில்பெனிடேட், 1944இல் முதலில் தயாரிக்கப்பட்டது. மூளையின் முன்பகுதியில் நரம்பணுக்கள் செய்தி கடத்த வெளிவிடுகிற டோபமைன், நோரெபினெஃப்ரின் என்கிற இரசாயனங்களை அந்த நரம்பணுக்களே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மருந்து அந்த உறிஞ்சலைத் தடுப்பதால் அந்த இரசாயனங்கள் நரம்பணுக்களுக்கு இடையில் கூடுதல் நேரம் நிற்கும். ஒன்றில் கவனத்தை நிறுத்துவதும் எழுந்து ஓடத் தோன்றும்போது அடக்கிக்கொள்வதும் அந்தப் பகுதியின் வேலைகள்தான், அதனால்தான் மூளையைத் தூண்டுகிற இந்த மருந்தே துள்ளுகிற பிள்ளையையும் அமைதிப்படுத்துகிறது. சாதாரணக் குளிசை சுமார் நான்கு மணித்தியாலம்தான் வேலை செய்யும், காலையில் போட்டது பின்னேர ரியூசனுக்கு இருக்காது. பசி குறையும், நித்திரை குழம்பலாம், ஆகவே நிறை, உயரம், இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மெதில்பெனிடேட் ஒத்துவராவிட்டால் அட்டொமொக்செட்டின் என்கிற வேறொரு மருந்து உண்டு, அதன் முழுப்பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

வித்தியாசம் வருவது பயிற்சியில். துள்ளுகிற பிள்ளைக்குச் சுருக்கமான ஒரு கட்டளை, செய்தவுடனேயே பாராட்டு, இடையிடையே எழுந்து நடக்க அனுமதி. கனவில் இருக்கிற பிள்ளைக்கு முன் வாங்கில் இடம், பெரிய வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்தல், செய்ய வேண்டியதை எழுதி ஒட்டுதல். ஆறு வயதுக்குள் என்றால் குளிசைக்கு முன் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல். 1999இல் வெளியான, 579 பிள்ளைகளோடு நடந்த அமெரிக்க ஆய்வில், கவனமாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து அறிகுறிகளைப் பயிற்சியை விட நன்றாகக் குறைத்தது. ஆனால் இரண்டும் சேர்ந்து கிடைத்த பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது.

இன்னொன்று. தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன வீட்டிலும், இழப்பைக் கண்ட வீட்டிலும் பிள்ளையின் கவனம் சிதறும், அதற்கு இந்த மருந்து தீர்வல்ல. காது, கண், நித்திரை சரியா என்றும் பார்க்க வேண்டும். அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளிக்கூடம் இரண்டிலும் தெரிய வேண்டும், ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது ரீச்சரிடம் ஒரு குறிப்பு வாங்கிக்கொண்டு, பழைய தேர்ச்சி அறிக்கைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.