பழைய பென்ஸில் நாமே கைவைக்கும் முன்

கோவையில் ஜெர்மன் கார்களை மட்டும் பார்க்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். அண்மைக் காலமாக எங்களிடம் வரும் கார்களில் சில ரிக்கவரி வண்டியில் ஏறி வருகின்றன. கூடவே டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கழற்றிய போல்ட்டுகளும் வருகின்றன. டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் தடை விதிக்கப்பட்ட பிறகு, அங்கிருந்து தடையில்லாச் சான்றிதழுடன் தெற்கே வந்த மெர்சிடிஸ் பென்ஸ் இ கிளாஸ் கார்கள் பல, ஒரு புதிய சிறிய காரின் விலையில் பாதிக்குக் கூட இங்கே கைமாறியிருக்கின்றன. கார் பழசாகும்போது அதன் விலை இறங்குகிறதே தவிர, உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. முதல் சர்வீஸ் பில்லைப் பார்த்த உரிமையாளர், ‘ஆயில் மாற்றுவதற்கு இவ்வளவா, இனி நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று முடிவெடுப்பதில் வியப்பில்லை. அந்த முடிவை நான் குறை சொல்லவும் மாட்டேன். தன் காரைத் தானே தொட்டுப் பார்க்கும் உரிமையாளரின் கார் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும்.

ஆனால் எந்த வேலையை வீட்டில் செய்யலாம் என்பதை, அது கடினமா எளிதா என்பதை வைத்துப் பலரும் தீர்மானிக்கிறார்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: கழற்றப்போகும் பாகத்துக்குள் ஏதேனும் விசை அடைபட்டுக் கிடக்கிறதா? அழுத்தத்தில் நிற்கும் திரவம், சுருக்கி வைத்த ஸ்பிரிங், தூக்கி நிறுத்திய எடை, வெடிக்கக் காத்திருக்கும் ஏர்பேக் ஆகியவற்றில் ஒன்று இருந்தால், யூடியூபில் அது எட்டு நிமிட வேலையாகத் தெரிந்தாலும் வீட்டு வேலை அல்ல.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பிரேக் பேட். சாதாரண காரில் பேட் மாற்றுவது கை பழகியவர்களுக்கு ஒரு மணி நேர வேலை. 2002-இல் வெளிவந்த டபிள்யூ 211 வகை இ கிளாஸ் கார்களில் அப்படியல்ல. அவற்றில் எஸ்பிசி என்னும் மின்னணு பிரேக் அமைப்பு இருந்தது. ஒரு மின் பம்பு, பிரேக் ஆயிலை 140 முதல் 160 பார் அழுத்தத்தில் ஒரு கலத்துக்குள் எப்போதும் தயாராக நிறுத்தி வைத்திருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இந்த அமைப்பில் பிரேக் பிடிக்கப் பெடலை மிதிக்க வேண்டிய தேவையே இல்லை. ரிமோட்டை அழுத்தினாலோ கதவைத் திறந்தாலோ காரின் கணினி விழித்துக்கொண்டு, பிரேக் வேலை செய்கிறதா என்று தானே ஒருமுறை அழுத்திச் சோதித்துப் பார்க்கும். அந்த நேரத்தில், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் விரல் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் சொல்லி விளக்குவதில்லை. சக்கரத்தைக் கழற்றி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு பென்சிலைச் செருகிவிட்டு, ஒருவனைப் போய் டிரைவர் கதவைத் திறக்கச் சொல்வேன். பம்பு ஒரு சிறு முனகலுடன் ஓடும். பென்சில் ‘டக்’கென்று நசுங்கி, உள்ளிருக்கும் கரிக்குச்சி பொடியாகத் தரையில் கொட்டும். அதற்குப் பிறகு, டயக்னாஸ்டிக் கருவியை இணைத்து எஸ்பிசியை முடக்காமல் யாரும் அந்தக் காலிப்பரின் பக்கம் போவதில்லை.

இந்த அமைப்புக்காக 2004-இல் சுமார் 6,80,000 கார்களை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது; 2006-இல் இ கிளாஸைப் புதுப்பித்தபோது எஸ்பிசியைக் கைவிட்டு வழக்கமான பிரேக்குக்கே திரும்பிவிட்டது. ஆகவே டபிள்யூ 211 வைத்திருப்பவர்கள், தங்கள் கார் அந்த மாற்றத்துக்கு முந்தையதா பிந்தையதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். முந்தையது என்றால் பேட் மட்டுமல்ல, பிரேக் ஆயில் மாற்றுவதும் வீட்டில் ஆகாது. ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் காலிப்பரில் உள்ள, ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் திறக்கும் பழைய முறை அதில் செல்லாது.

அடுத்தது தூக்கி நிறுத்திய எடை. காரோடு வரும் ஜாக், நடுவழியில் சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே தரப்பட்டது. ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட காரை அதில் நிறுத்திவிட்டு அடியில் படுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். வெளிநாட்டில் முன்பே வந்து, 1995-இல் புனேயிலும் தயாரிப்பு தொடங்கிய டபிள்யூ 124 என்னும் பழைய வகை இ கிளாஸ் கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றின் ஜாக்கின் கை, கதவுக்குக் கீழே உள்ள ஒரு துளைக்குள் நுழைந்து காரைத் தூக்கும். அந்தத் துளையை மூடும் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் தண்ணீரும் மண்ணும் தங்கி, வெளியே பெயின்ட் பளபளக்க உள்ளே தகடு துருப்பிடித்து மெலிந்திருக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஓடிய கார்களில் இதை நிச்சயம் பார்க்க வேண்டும். மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். சமதளமான சிமென்ட் தரையும், எடை தாங்கும் இரண்டு ஸ்டாண்டுகளும் இல்லாத வீட்டில் காருக்கு அடியில் செய்யும் எந்த வேலையும் வேண்டாம். காற்று சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால், காற்றுக் கசிந்து உடல் பகுதி தானாகவே கீழே இறங்கக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வரி போதும்: டபிள்யூ 124-இன் முன்பக்க ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரைச் சுற்றி இல்லாமல் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைக்கும் பாடிக்கும் நடுவே தனியாக அமர்ந்திருப்பதால், கடையில் கிடைக்கும் கொக்கி வகை ஸ்பிரிங் அமுக்கி (கம்ப்ரஸர்) அதில் சரியாகப் பிடிக்காது, நழுவும். ஏர்பேக், சீட் பெல்ட் இழுப்பான் இரண்டையும் தொடவே வேண்டாம்.

விசை அடைபடாத வேலைகளில் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பணத்துக்கு ஆபத்து உண்டு. எங்களிடம் வந்த ஒருவர், தம்முடைய ஆறு சிலிண்டர் இ கிளாஸுக்குத் தாமே ஆயில் மாற்றியிருந்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, ஃபில்டரின் ரப்பர் வளையத்தைக் கூடப் புதிதாகப் போட்டிருந்தார். ஊற்றியது மட்டும் நான்கு லிட்டர், ஏனென்றால் இதற்கு முன் அவர் வைத்திருந்த காருக்கு ஒரு டின் போதுமானதாக இருந்தது. இந்த எம் 272 என்ஜினுக்கு எட்டு லிட்டர் வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் அவர் உடனே நிறுத்தியதால் பிழைத்தது. அளவையும், ஆயில் டின்னின் பின்புறம் அச்சிட்டிருக்கும் 229.5 போன்ற தர எண்ணையும் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

கியர்பாக்ஸ் ஆயிலில் இந்தப் பிழை இன்னும் எளிதாக நடக்கிறது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றுதான் என்று எண்ணி, கடைக்காரர் கொடுத்ததை வாங்கி ஊற்றுகிறார்கள். 722.6 என்னும் ஐந்து வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் அளவு பார்க்கும் குழாய் இருக்கும், ஆனால் உள்ளே அளவுக் கம்பி இருக்காது. பட்டறையில் உள்ள அளவுகோலை விட்டு, ஆயில் 80 டிகிரி சூடானதும் பார்க்க வேண்டும். அதற்குப் பின் வந்த ஏழு வேகக் கியர்பாக்ஸில் 45 டிகிரியில், வழிந்தோடும் குழாய் வழியாகப் பார்க்க வேண்டும். சூட்டைக் கருவியில் படிக்க வழியில்லாதவர் இதைச் செய்தால் கூடவோ குறையவோதான் இருக்கும். அதே 722.6-இல் பக்கவாட்டில் உள்ள மின் இணைப்பின் சிறு ரப்பர் வளையங்கள் காய்ந்துவிட்டால், ஆயில் வயருக்குள் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய்விடும். மலிவான அந்தப் பிளாஸ்டிக் இணைப்பை மாற்றாமல் விட்டதற்கு, கணினியையே மாற்றிய கார்கள் உண்டு.

கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். கையேட்டில் சொல்லியிருக்கும் கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. என்ஜின் முழுவதும் ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். இந்தக் கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே ஓடுகிறது. உள்ளே ஓட்டை விழுந்தால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் கலந்து, ரோஸ் மில்க் நிறத்தில் நுரைத்து நிற்கும். ரேடியேட்டரின் வயது தெரியாத காரை வாங்கியவர்கள், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை மாற்றிவிடுவது நல்லது.

1990-களின் முதல் பாதியில் வந்த டபிள்யூ 124 கார்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அந்த ஆண்டுகளில் என்ஜின் வயர்களின் மேலுறைக்குப் பயன்படுத்திய பொருள், என்ஜின் சூட்டில் நாளடைவில் உதிர்ந்துபோகும் தன்மையுள்ளது. பார்க்க நல்ல வயராகத்தான் இருக்கும். ஸ்பார்க் பிளக் மாற்றுவதற்காக அதைச் சற்றே ஒதுக்கினால், உறை அப்பளம் போல நொறுங்கிச் செம்புக் கம்பி வெளியே தெரியும். இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் என்ஜின் கணினி கெட்டுப்போகும். வயர் தொகுப்பு ஏற்கெனவே மாற்றப்பட்டதா என்று பார்க்காமல் பானெட்டுக்குள் எதையும் இழுக்கவோ வளைக்கவோ வேண்டாம்.

ஸ்கேனரை நம்பிப் பாகங்களை வாங்குவது மற்றொரு வீண் செலவு. ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடு ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னால், அந்தப் பாகம் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. அந்தத் தடத்திலிருந்து வந்த தகவல் சரியில்லை என்றுதான் பொருள். கார் சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பி அமைப்பின் விளக்கு எரிகிறது என்று நான்கு சக்கர சென்சார்களையும் வாங்கி மாற்றிவிட்டு வந்தவருக்கு, பெடலுக்கு மேலே உள்ள பிரேக் லைட் சுவிட்சை மாற்றியதும் விளக்கு அணைந்தது. அந்தச் சுவிட்சின் விலையைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

வீட்டில் தாராளமாகச் செய்யக்கூடியவை நிறையவே இருக்கின்றன. ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர், பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்வது, கதவு ரப்பர்களுக்குச் சிலிக்கான் தடவுவது, சன்ரூஃபின் தண்ணீர்க் குழாய்களில் அடைப்பு எடுப்பது ஆகியவற்றுக்குப் பட்டறை தேவையில்லை. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். டபிள்யூ 124-க்கு 110 நியூட்டன் மீட்டர், டபிள்யூ 211-க்கு 130. ஏறி மிதித்து இறுக்கிய போல்ட்டை நடுவழியில் பஞ்சரானபோது கழற்ற முடியாமல் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உடுமலையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் டபிள்யூ 124-க்கென ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, என்ஜின் ஆறியிருக்கும்போது, ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றின் அளவையும் பார்த்துத் தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதிக்கொள்வார். அதற்கு மேல் எதையும் கழற்ற மாட்டார். சென்ற முறை வந்தபோது நோட்டைத் திறந்து, ‘தம்பி, மூணு மாசத்துல கூலன்ட் அரை விரக்கடை இறங்கியிருக்கு, கீழே சொட்டு எதுவும் காணோம்’ என்றார். கைப்பம்பை வைத்து ஒரு பார் அழுத்தம் கொடுத்துக் காத்திருந்தோம். பதினைந்து நிமிடம் கழித்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் போகும் ஹீட்டர் ஹோஸின் கிளிப்புக்கு அடியில் ஒரு துளி திரண்டது. கிளிப்பை மாற்றி மறுபடி அழுத்தம் கொடுத்துக் காட்டினேன்; அவர் பேனாவைத் திறந்து, ‘ஹீட்டர் ஹோஸ் கிளிப், இடப்பக்கம்’ என்று எழுதி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டார்.