கோமாரித் தடுப்பூசி: ஊசி இலவசம், தகவல் சொல்வது கட்டாயம்

2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், மாடு, எருமைகளுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி போடுகிறார்கள். காசு தர வேண்டியதில்லை. முகாம் நாளில் மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்தால், அந்தச் சுற்று முடிவதற்குள் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கன்றுக்கு 4 மாதம் முடிந்ததும் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது. பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான். நிறைசினை என்றால் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காதில் 12 இலக்க வில்லை இருக்க வேண்டும்; அந்த எண்ணில்தான் ஊசி பதிவாகும். ஓரிரு நாள் பால் குறையலாம், ஊசி போட்ட இடம் வீங்கலாம். அதற்காகக் கறவை மாட்டை மறைத்துக் கட்டாதீர்கள். கோமாரி வந்தால் பால் வாரக்கணக்கில் போகும். சில மாடுகள் பழைய கறவைக்குத் திரும்புவதே இல்லை.

ஊசி போட்ட மாட்டுக்கும் நோய் வருகிறதே என்பது நியாயமான கேள்வி. ஊசியில் ஓ, ஏ, ஏசியா 1 என்று 3 வகை வைரஸுக்கான மருந்து இருக்கிறது. ஒன்றுக்கான எதிர்ப்பு இன்னொன்றைத் தடுக்காது. ஒரே வகைக்குள்ளும் வைரஸ் உருமாறுகிறது. நம் நாட்டில் அதிகம் பரவும் ஓ வகையிலேயே புதுக் கிளைகள் தோன்றியிருக்கின்றன. மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இல்லாமல் கெட்டிருக்கலாம், அல்லது வந்திருப்பது புதுக் கிளையாக இருக்கலாம். எது என்று ஆய்வகம்தான் சொல்ல முடியும். அதற்கு நோயுற்ற மாட்டின் வாய்க் கொப்புளத்தின் தோல் சுமார் 1 கிராம் தேவை. உடையாத அல்லது அப்போதுதான் உடைந்த கொப்புளமாக இருந்தால் நல்லது.

ஆகவே எச்சில் ஒழுகி, மாடு நொண்டத் தொடங்கியதும் 1962 எண்ணுக்கோ மருந்தகத்துக்கோ சொல்லுங்கள். மாதிரி எடுக்கும்வரை வாயில் புளி, எலுமிச்சை எதையும் தேய்க்காதீர்கள். புளிப்பு பட்டால் இந்த வைரஸ் அழிந்துவிடும், மாதிரி வீணாகும்.

2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி, நோய் இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தாலே ஊராட்சிக்கோ கிராம அலுவலருக்கோ தெரிவித்து, மாட்டைத் தனியே கட்ட வேண்டியது உரிமையாளர் பொறுப்பு. நோயுற்ற மாட்டைச் சந்தைக்கு ஓட்டக் கூடாது. வேலூர் அருகே பொய்கையில் கூடும் செவ்வாய் மாட்டுச் சந்தையில் ஒரு மாடு எச்சில் விட்டால் போதும், அன்று மாலையே நோய் பல ஊர்க் கொட்டகைக்குப் போய்விடும். வாங்கிவந்த மாட்டை 3 வாரம் தனியே வையுங்கள். எருது விடும் விழாவுக்கு முதல் வாரம் ஊசி போட்டுப் பயனில்லை. எதிர்ப்பு வர 2, 3 வாரம் ஆகும்.

கொட்டகைத் தரை, தொட்டி, செருப்பு எல்லாவற்றையும் 10 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவை சோடா கரைத்துக் கழுவுங்கள். புண்ணில் ஊற்றாதீர்கள். நோயுற்ற தாயிடம் கன்றை ஊட்ட விடவே கூடாது. இளங்கன்றுக்கு வைரஸ் இதயத்தைத் தாக்கும். வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் திடீரென்று விழுந்து சாகும்.