கார்ன் ஸ்நேக் குட்டி இரை எடுக்க மறுத்தால்

கார்ன் ஸ்நேக் என்பது வீட்டில் வளர்க்கும் ஒரு வகைப் பாம்பு. முட்டையிலிருந்து வந்த அதன் குட்டி பெரும்பாலும் முதல் வாரம் எதுவும் தின்னாது. உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதுவரை தாங்கும். ஏழு முதல் பத்து நாளுக்குள் முதல் சட்டையை உரிக்கும். இரை வைப்பது அதற்குப் பிறகுதான். அதுவரை பொறுக்காமல் வாயைப் பிளந்து ஊட்டினால், தானாகத் தின்றிருக்கக்கூடிய குட்டியும் கெட்டுப்போகும்.

சட்டை உரித்த பிறகும் பிங்கியை, அதாவது முடி முளைக்காத எலிக்குஞ்சை, தொடவில்லையா? முதலில் சூட்டைப் பாருங்கள். கூண்டின் வெதுவெதுப்பான பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸும், மறுபக்கம் 22 முதல் 24 டிகிரியும் இருக்கவேண்டும். கண்ணாடியில் ஒட்டும் தெர்மாமீட்டர் தரையின் சூட்டைக் காட்டாது. சென்சாரைத் தரையிலேயே வையுங்கள். இரு பக்கமும் ஒளிய இடம் வேண்டும். இரை வைக்கும் வாரத்தில் குட்டியைக் கையில் எடுக்காதீர்கள்.

அடுத்தது வாசனை. அமெரிக்காவின் தென்கிழக்குக் காடுகளில் இதன் குட்டிகள் சிறு பல்லிகளையும் மரத்தவளைகளையும் தின்று வளர்கின்றன. எலி வாசனை சில குட்டிகளுக்கு இரையாகவே படாது. உறைந்த பிங்கியை ஃப்ரிட்ஜில் இளகவிட்டு, கவரோடு வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது, உள்ளே வெந்துவிடும். மணமில்லாத சோப்பால் கழுவி, நன்றாக அலசித் துடைத்து, பல்லி உரித்த தோலைப் பிங்கியின் மூக்கில் ஒட்டுங்கள். வெளியில் பிடித்த பல்லியைத் தேய்த்தால் ஒட்டுண்ணி வரலாம். இதற்கும் மசியாவிட்டால், பிங்கியின் மண்டையை ஊசியால் குத்தி, கசிவதைப் பிங்கியின் முகத்திலேயே தடவுங்கள். பல குட்டிகள் இதற்கு இணங்கிவிடும்.

வைக்கும் விதமும் முக்கியம். காற்றுத்துளை போட்ட சிறிய டப்பாவில் டிஷ்யூ விரித்து, குட்டியையும் பிங்கியையும் சேர்த்து, சாயங்காலம் வெதுவெதுப்பான பக்கத்தில் வைத்துவிடுங்கள். விடியும்வரை மூடியைத் திறக்காதீர்கள். தின்னவில்லையென்றால் நான்கைந்து நாள் கழித்தே அடுத்த முறை; தினமும் நீட்டினால் பயம்தான் வளரும்.

0.1 கிராம் காட்டும் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறையாமல் நிற்கிறதென்றால் காத்திருக்கலாம். முதுகெலும்பு கூராகத் தெரிந்து, வால் அடி மெலிந்தால் மட்டுமே ஊட்டலைப் பற்றி யோசியுங்கள். அதற்கும் முன்னால், இடுக்கியில் பிங்கியைப் பிடித்து, குட்டியின் வாலருகே மெதுவாகத் தட்டிப் பாருங்கள். எரிச்சலில் கடிக்கும், கடித்ததும் நீங்கள் அசையாமல் நின்றால் சில குட்டிகள் அப்படியே விழுங்கிவிடும்.

ஊட்டத்தான் வேண்டுமென்றால், தலைக்குப் பின்னால் லேசாகப் பிடித்து, நனைத்த பிங்கியின் மூக்காலேயே வாயைத் திறங்கள், உலோகம் வேண்டாம். பல்லில் சிக்கியதும் மெல்லக் கீழே வைத்து விலகிவிடுங்கள். துப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான். விழுங்கினால் 48 மணி நேரம் தொடாதீர்கள். கக்கிவிட்டால் பத்து நாள் விட்டு, பாதி அளவில் தொடங்குங்கள். வாயில் நுரை, தளர்ச்சி தெரிந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும்.

தானாகத் தின்ன ஆரம்பித்ததும் பல்லி வாசனையை ஒவ்வொரு முறையும் குறைத்து, வெறும் பிங்கிக்குப் பழக்குங்கள். மூன்று நான்கு முறை அப்படித் தின்னும்வரை குட்டியை வேறு யார் கைக்கும் மாற்றாதீர்கள்.