பழைய துப்பாக்கியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்

கடலூர்–புதுச்சேரிக் கரையில் பழைய துப்பாக்கி கிடைத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1690-இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்தான் எல்லை, அதற்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்தார், 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது, 1783-இல் கடலூரில் மறுபடியும் முற்றுகை.

சரி, அந்தக் காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று கையில் வந்துவிட்டது என்று வையுங்கள். முதலில் உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாய் வழியாக ஒரு மரக்குச்சியை மெதுவாக விட்டு, உள்ளே போன நீளத்தையும் குழலின் வெளி நீளத்தையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். குச்சி ரொம்ப முன்னாடியே நின்றால் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். கரிமருந்து நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம்தான் துரு. ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும், இது எல்லா ஊருக்கும் பொது. நம் கரையில் கூடவே உப்பும் வருகிறது, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே அது தானாகத் தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். அதிலிருக்கும் குளோரைடு இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடாகிறது, அது ஈரமும் ஆக்சிஜனும் பட்டுத் துருவாக மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியே விடுகிறது, அமிலம் இன்னும் கொஞ்சம் இரும்பைக் கரைத்து மறுபடி இரும்புக் குளோரைடு. இந்தச் சுற்றில் குளோரைடு செலவாவதே இல்லை, வட்டி வாங்கிக்கொண்டே முதலைத் தொடாத கடன்காரன் மாதிரி! மேலே பளபளவென்று தேய்த்து வைத்த குழலில் சில வாரத்தில் மஞ்சள் வியர்வை போலத் துளிகள் பூப்பது இதனால்தான்.

உப்புத்தாள் மேல்துருவை மட்டும் எடுக்கும், குழியின் அடியில் இருக்கும் உப்பை அது தொடாது. போதாததற்குப் பூட்டின் (சுடும் பொறியின்) தகட்டில் வெட்டியிருக்கும் முத்திரையையும் அழித்துவிடும், பிரெஞ்சுத் துப்பாக்கியில் ‘சார்லவில்’ என்றோ ‘மொபேஜ்’ என்றோ எந்தப் பட்டறையில் செய்தது என்று சொல்வது அந்த எழுத்துதான். அது போன பின் மிச்சம் வெறும் இரும்புக் குழாய்.

உப்பை வெளியே இழுக்க மின்சாரம் உதவும். மரக்கட்டைப் பிடியைக் கழற்றிவிட்டு, வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் குழலை முக்கி அதற்கு எதிர்முனை, பக்கத்தில் ஒரு சாதா இரும்புத் தகட்டுக்கு நேர்முனை, குறைந்த அளவு நேர்மின்சாரம் (டி.சி.). எதிர்மின் சுமையுள்ள குளோரைடு நேர்முனையைப் பார்த்து நகரும், குழலின் மேல் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் துருச் செதிலைத் தளர்த்தும். அந்த ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், அதனால் திறந்தவெளியில் செய்யுங்கள். எவர்சில்வர் தகடு கூடவே கூடாது, அதிலிருக்கும் குரோமியம் நச்சுச் சேர்மமாகிக் கரைசலில் கலக்கும். பூட்டின் வில்களையும் (ஸ்பிரிங்) இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் உள்ளே ஏறினால் கடினமான எஃகு நொறுங்கும்.

பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் கொதிக்கவிட்டால், மிச்சமிருக்கும் செந்துரு மெல்ல மேக்னடைட் என்ற கருந்துருவாக மாறும். இது இரும்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும், செந்துருவைப் போல உதிராது. கடுக்காயில் இருக்கும் டானினும் கிட்டத்தட்ட இதற்கே உதவும். இரும்போடு சேர்ந்து நீலக்கறுப்புப் படலமாகும், அந்தக் காலத்துக் கடுக்காய் மையின் நிறமும் இதே வினையில் வந்ததுதான். அருங்காட்சியகப் பராமரிப்பிலும் டானிக் அமிலம் பூசுவது வழக்கம்.

நன்றாகக் காய்ந்ததும் குழல் லேசாகச் சூடாயிருக்கும்போதே மெழுகு பூசுங்கள். தோலுறையிலோ கம்பளியிலோ சுற்றி வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறை எடுத்துப் பார்த்து, துளி பூத்திருந்தால் மறுபடி சோடாத் தொட்டிதான்.