கோலத்தின் மேல் கை வராது

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெருமுனை இருக்கிறது. அங்கே பழைய கிடங்கு ஒன்றின் மதிலில் சிவப்புச் சாயத்தில் பெரிதாக எழுதியிருந்தார்கள்: ‘இங்கே குப்பை கொட்டாதீர்கள். மீறினால் அபராதம் விதிக்கப்படும்.’ நான் முதன்முதலில் போனபோது முதல் வரியை மட்டுமே படிக்க முடிந்தது. இரண்டாவது வரியைக் குப்பை மூடியிருந்தது.

நான் உளவியல் படித்தவள். வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்கும் பழக்கத்தைக் கொண்டுவருவதற்காக நகராட்சிகளோடும் குடியிருப்போர் சங்கங்களோடும் சேர்ந்து வேலை செய்கிறேன். “இவ்வளவு பெரிதாக எழுதியும் கொட்டுகிறார்களே, ஏன் மேடம்?” என்று சுகாதார ஆய்வாளர் கேட்டார். கண்ணால் பார்க்காமல் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் விடியற்காலை 5.30 மணிக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அன்று வந்தவர்களில் ஒருவரை இன்றும் மறக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, வெளுத்த வேட்டி. ஸ்கூட்டரின் முன்கொக்கியில் பால் பாக்கெட்டுகள் ஒரு பையிலும் வீட்டுக் குப்பை இன்னொரு பையிலும் தொங்கின. முனைக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தார். மதிலை அவர் பார்க்கவே இல்லை, குவியலைப் பார்த்தார். வண்டியை நிறுத்தாமலே இடது கையால் பையைக் கழற்றி வீசினார். அது போய்ச் சரியாகக் குவியலின் உச்சியில் விழுந்தது. வீசியவர் பொறுப்பற்ற மனிதர் என்று நான் நினைக்கவில்லை. தம் வீட்டு வாசலில் அப்படியொரு பை கிடந்தால் தெருவாரையெல்லாம் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருப்பார். அந்த முனையில் மதில் ஒன்று சொன்னது, குவியல் வேறொன்று சொன்னது. அவர் குவியலின் பேச்சைக் கேட்டார்.

‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு’ என்பார்கள். ஊரே செய்யும் ஒன்றை ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் நாமும் செய்துவிடுகிறோம். என்ன செய்ய வேண்டும் என்று ஊர் சொல்வது ஒரு நெறி. ஊர் உண்மையில் என்ன செய்கிறது என்பது இன்னொரு நெறி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், பெரும்பாலும் இரண்டாவதுதான் வெல்லும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் காட்டினார்கள். நிறுத்தியிருந்த கார்களின் முன்கண்ணாடியில் துண்டறிக்கைகளைச் செருகிவைத்தார்கள். தரை சுத்தமாக இருந்தபோது அதைக் கீழே எறிந்தவர்கள் குறைவு. தரையில் ஏற்கெனவே தாள்கள் இறைந்து கிடந்தபோது எறிந்தவர்கள் அதிகம்.

சியால்டினி வேறொரு குழுவோடு செய்த இன்னொரு ஆய்வை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடுவதில்லை. அரிசோனா மாநிலத்தில் கல்மரக் காடு ஒன்று தேசியப் பூங்காவாக இருக்கிறது. நம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடப்பவை போன்ற, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து கல்லாகிப்போன மரங்கள். வருகிறவர்களில் சிலர் நினைவுக்காகத் துண்டுகளை எடுத்துப் போய்விடுவது அந்தப் பூங்காவுக்குத் தலைவலியாக இருந்தது. ஆய்வாளர்கள் பாதையில் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டுவைத்து, பலகைகளை மாற்றி மாற்றி நட்டார்கள். ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்ற பலகை இருந்தபோது காணாமல் போனது 1.67 சதவீதம். ‘இதுவரை வந்தவர்களில் பலர் எடுத்துச் சென்றதால் காட்டின் இயல்பு நிலை மாறிவிட்டது’ என்று வருந்திய பலகை இருந்தபோது 7.92 சதவீதம் போயிற்று. வருத்தத்தோடு சொன்ன சொல்லே எடுப்பதற்கு அனுமதிச் சீட்டாகிவிட்டது.

இதைப் படித்த பிறகு நம் விழிப்புணர்வு மேடைகளில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கடினமாகிவிட்டது. “நம் மக்களுக்குப் பொறுப்பே கிடையாது. யாருமே பிரித்துப் போடுவதில்லை. எல்லாருமே பிளாஸ்டிக் பைதான்” என்று ஒருவர் பின் ஒருவராக ஆதங்கப்படுவார்கள். ஆதங்கம் உண்மையானது, நானும் அதில் பங்காளி. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் காதில் என்ன விழுகிறது? ‘யாருமே செய்வதில்லை’ என்பதுதான் விழுகிறது. நான் மட்டும் ஏன் மெனக்கெட வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர் வீட்டுக்குப் போகிறார். தயவுசெய்து மேடையில் அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். பத்துப் பேர்தான் செய்கிறார்கள் என்றால் அந்தப் பத்துப் பேரைப் பற்றிப் பேசுங்கள்.

மஞ்சப்பையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. துணிப்பை நல்லது என்று தெரியாத வீடு நம் ஊரில் இல்லை. தடையாக இருந்தது வெட்கம். என் தலைமுறைக்கு மஞ்சப்பை என்றால் பட்டணத்துக்குப் புதிதாக வந்த கிராமத்தான் என்று பொருள். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது, ஜவுளிக்கடைப் பெயர் அச்சிட்ட மஞ்சப்பையில் முறுக்கும் மாற்றுப் புடவையும் எடுத்துக்கொண்டு அப்பா வந்தார். தோழிகள் பார்ப்பதற்குள் அந்தப் பையை வாங்கி என் தோள்பைக்குள் திணித்துக்கொண்டேன். அப்பா அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். அவரை அந்தப் பைக்கு மாற்றியது நான்தான்.

இப்போது கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையாக மஞ்சப்பையைக் கொடுக்கிறார்கள். மணமக்கள் பெயர் அச்சிட்டிருக்கும். மறுவாரம் அதே பை காய்கறிச் சந்தையில் ஒரு டீச்சர் கையில் தொங்குகிறது, ஒரு வங்கி ஊழியர் கையில் தொங்குகிறது. நாம் மதிக்கிறவர்கள் கையில் அதைப் பார்க்கப் பார்க்க வெட்கம் கரைகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவது வெளியே தெரியாது, மஞ்சப்பை தெரியும். தெருவில் நடந்து போகும்போதே அது பேசிக்கொண்டு போகிறது. நல்ல பழக்கத்தைக் கண்ணில் படும்படி செய்தால் பாதி வேலை முடிந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

“அக்கம்பக்கத்தாரைப் பார்த்து நான் எதையும் செய்வதில்லை” என்று எல்லாரும் சொல்வார்கள். கலிஃபோர்னியாவிலும் அப்படித்தான் சொன்னார்கள். சான் மார்க்கோஸ் என்ற ஊரில், ஏசிக்குப் பதில் மின்விசிறி போடுங்கள் என்பது போன்ற குறிப்புகளை வீட்டுக் கதவில் தொங்கவிட்டார்கள். சில வீடுகளுக்குக் காரணமாகச் சொன்னது பணம் மிச்சம். சிலவற்றுக்குச் சுற்றுச்சூழல், சிலவற்றுக்குச் சமூகப் பொறுப்பு. இன்னும் சிலவற்றுக்கு, உங்கள் அக்கம்பக்கத்தார் பலர் இதைச் செய்கிறார்கள் என்ற தகவல். மின்சாரத்தை அதிகம் மிச்சப்படுத்தியவை கடைசி வகை வீடுகள். ஆனால் அந்தத் தகவலால்தான் மாறினோம் என்று அவர்களுக்கே தோன்றவில்லை. 2008-இல் வெளியான ஆய்வு இது.

அதற்கு முந்தைய ஆண்டு அதே ஊரிலிருந்து வெளியான இன்னொரு ஆய்வு எச்சரிக்கையாகவும் இருந்தது. உங்கள் வீட்டில் இவ்வளவு மின்சாரம், தெருவின் சராசரி இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தபோது அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். சராசரிக்குக் கீழே இருந்தவர்களோ செலவைக் கூட்டிக்கொண்டார்கள்! நாம் மட்டும்தான் சிக்கனமா என்று நினைத்திருக்க வேண்டும். வேறு சில வீடுகளுக்கு அந்தத் தாளில் ஒரு சிரித்த முகத்தையும் கையால் வரைந்து கொடுத்தார்கள். அங்கே சிக்கனமானவர்கள் சிக்கனமாகவே நின்றார்கள். ‘நீங்கள் செய்வது சரி’ என்று ஊர் சொல்ல அந்த ஒரு சிரிப்பே போதுமானதாக இருந்தது.

அந்தச் சிரித்த முகத்தைப் படித்தபோது எனக்குச் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி நினைவுக்கு வந்தது. திருப்பத்தூர் பக்கத்தில், 1977-இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று அந்த மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு வழங்கி நன்றி சொல்கிறது. அந்த இனிப்பும் அந்தச் சிரித்த முகமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அங்கே ஒரு குழந்தையை உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ‘எங்கள் ஊரில் வெடிக்க மாட்டோம்’ என்பது அதற்குத் தன் ஊர்ப் பெயரோடு சேர்ந்தே தெரிகிறது. நம்மவர்களுக்குச் சமூக நெறி என்றால் என்ன என்று விளக்க வேறு நாட்டுக்குப் போக வேண்டியதே இல்லை.

ஊர்க் கண்ணுக்கு இருக்கும் வலிமையைத் தவறாகப் பயன்படுத்தியும் பார்த்திருக்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், பிரிக்காமல் போட்ட குப்பைப் பையைப் படம் பிடித்து, வீட்டு எண்ணோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அது தனியாக வாழும் ஒரு பாட்டியின் பை. அவருக்குப் பார்வை மங்கல். பச்சைத் தொட்டி எது, நீலத் தொட்டி எது என்று படிக்கட்டு விளக்கின் வெளிச்சத்தில் அவருக்குப் புலப்படவில்லை. அதன் பிறகு அவர் தொட்டிப் பக்கமே வரவில்லை. இருட்டியதும் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய் வாய்க்காலில் போட்டுவந்தார். அவமானப்படுத்தினால் மனிதர்கள் திருந்துவதைவிட ஒளிந்துகொள்வதே அதிகம். அந்தப் படத்தை நீக்கச் சொல்லி நான் சண்டையே போட்டேன். ஒரு தொட்டியின் மூடியில் கை தடவினால் தெரியும்படி கயிறு கட்டிக் கொடுத்தோம். பிறகு பாட்டி தாமாகவே பிரித்துப் போட்டார்.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால், எந்த உளவியலும் உதவாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே பிரிக்கச் சொல்லின. நான் வேலை செய்த ஒரு வார்டில் பெண்கள் மாதக்கணக்கில் ஒழுங்காகப் பிரித்தார்கள். ஒரு நாள் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் ஒரே லாரியில் கவிழ்ப்பதை நாலைந்து பேர் பார்த்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் தெரு முழுவதும் பழைய நிலைக்குப் போய்விட்டது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த லாரியும் ஒரு பலகைதான்.

செய்கிறவர்கள் குறைவாக இருக்கும் தெருவில் என்ன சொல்வது என்று கேட்கிறார்கள். பொய்க் கணக்கு மட்டும் சொல்லாதீர்கள், தெருவுக்குத் தெரிந்துவிடும். எண்ணிக்கை எப்படி வளர்கிறது என்று சொல்லுங்கள். ஒரு தெருவில் மக்கும் குப்பையை ஒழுங்காகக் கொடுக்கும் வீடுகளின் நிலைவாசல் ஓரத்தில் தூய்மைப் பணியாளர் ஒரு சிறிய பச்சைப் புள்ளி வைப்பார். முதல் மாதம் 36 வீடுகளில் நான்கு புள்ளிகள். அடுத்த மாதம் பதினொன்று. “நாலு பதினொன்றாகிவிட்டது” என்ற பேச்சுக்கு, “இன்னும் இருபத்தைந்து வீடு பாக்கி” என்ற பேச்சுக்கு இல்லாத இழுவிசை இருந்தது.

பேருந்து நிலையத்து முனைக்கு வருகிறேன். ஸ்கூட்டர்க்காரரிடம் பிறகு ஒரு நாள் பேசினேன். குப்பை வண்டி அவர் தெருவுக்கு 9 மணிக்கு வருகிறது. அவர் 7 மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். வண்டி நேரத்தை 6.30-க்கு மாற்றினோம். குவியலை அள்ளி, தரையைக் கழுவினார்கள். அன்று அங்கே பணியில் இருந்த தூய்மைப் பணியாளர் அம்மா, யாரும் சொல்லாமலே தம் பையிலிருந்து கோலமாவை எடுத்து, மதிலடியில் ஒன்பது புள்ளிக் கோலம் ஒன்றைப் போட்டு நடுவில் ஒரு செம்பருத்திப் பூவை வைத்தார். “கோலத்தின் மேல் கொட்ட யாருக்கும் கை வராது அம்மா” என்றார்.

மறுநாள் காலை நான் டீக்கடையில் இருந்தேன். ஸ்கூட்டர் வந்தது. அன்றும் கொக்கியில் பை இருந்தது. பழக்கம் அவ்வளவு எளிதில் விடாது. வேகத்தைக் குறைத்தார். காலைத் தரையில் ஊன்றினார். கோலத்தைப் பார்த்தார், இரு பக்கமும் பார்த்தார். பையைக் கழற்றாமலே வண்டியைத் திருப்பினார்.

ஒரு வாரம் கழித்து ஒரு பை கிடந்தது உண்மை. கோலத்தின் மேல் அல்ல, தள்ளி ஓரத்தில். அதை உடனே எடுத்துவிட்டார்கள். பத்தாம் நாள் அங்கே இருந்த கோலம் அந்த அம்மா போட்டதல்ல. எதிர்வீட்டுப் பெண் ஒருவர் சிக்குக்கோலம் போட்டிருந்தார். அதுவரை கோலமாவு வாங்கியதெல்லாம் அந்த அம்மாவின் சொந்தக் காசு. துண்டறிக்கை அச்சடிக்கும் செலவில் கோலமாவையும் சேர்க்கச் சொல்லி நகராட்சிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.