வராமலே முடிக்கிற பி.எட்.

பி.எட். சேர்க்கை தொடங்கினால் இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும்: "சார், வராமலே முடிக்கிற மாதிரி காலேஜ் ஏதாவது இருக்கா? பரீட்சைக்கு மட்டும் வந்துடுறேன்." கேட்பவர், நாளை நாற்பது பிள்ளைகளுக்கு வருகைப்பதிவு எடுக்கப்போகிறவர்!

வராமல் படிக்கிற ரெகுலர் பி.எட். என்று ஒன்று கிடையாது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிமுறைப்படி படிப்பு 2 ஆண்டு, ஆண்டுக்கு 200 வேலை நாள். வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சி முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம். "அட்டெண்டன்ஸை நாங்க பார்த்துக்கறோம்" என்று புரோக்கர் சொன்னால், பொய்ப் பதிவேட்டில் உங்களையும் கூட்டுச் சேர்க்கிறார் என்று அர்த்தம்.

"சர்டிபிகேட் எல்லாம் ஒண்ணுதானே, யாருக்குத் தெரியப்போகுது?" தெரியும். வெளிமாநிலத்தில் ரெகுலர் பி.எட்., அதே 2 ஆண்டும் சென்னையில் தனியார் பள்ளியில் முழுநேர வேலை. பிறகு சான்றிதழ் சரிபார்ப்புக்கு அனுபவச் சான்றையும் பி.எட். சான்றையும் ஒரே ஃபைலில் நீட்டுகிறார்கள். இரண்டிலும் தேதி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க சி.ஐ.டி. தேவையில்லை.

சரி, மாட்டவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோ டீச்சிங்கில் ஐந்தாறு நிமிடம் உடன் படிப்பவர்கள் முன் நின்று பாடம் எடுக்கும்போதுதான், வகுப்புக்கு முதுகைக் காட்டியபடி கரும்பலகையோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியவரும். கேள்வி கேட்டு இரண்டு விநாடிகூடப் பொறுக்காமல் நாமே பதில் சொல்வதும் அங்கேதான் பிடிபடும். காசுக்கு எழுதி வாங்கிய ரெக்கார்டு நோட்டு இதையெல்லாம் சொல்லித்தராது.

தொலைநிலை பி.எட்.? அது புதுப் பட்டதாரிக்கு இல்லை. ஏற்கெனவே நேரடி முறையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுத் தொடக்கநிலையில் பணியில் இருப்பவர்களுக்கும்தான்.

அடுத்தது மேஜர், அதாவது பட்டத்தில் நீங்கள் படித்த முதன்மைப் பாடம். கல்லூரியைப் பார்க்கும் முன் உங்கள் பட்டத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் போன்ற பாடங்களுக்கு. பி.காம். முடித்தவருக்கு அங்கே இடமில்லை, எம்.காம். முடித்து, பி.எட். சேர்த்து, முதுகலை ஆசிரியர் பணிக்குத்தான் போக வேண்டும். இளங்கலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறு பாடம் என்றால் கிராஸ் மேஜர் சிக்கல் காத்திருக்கிறது. இதைச் சேர்க்கை மேசையில் யாரும் சொல்லமாட்டார்கள். அவர்கள் கவலை சீட் நிரம்புவது.

பி.எட். இருந்தால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கும் போகலாம் என்ற நினைப்பை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்துவிட்டது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். பி.எட்.காரருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) இரண்டாம் தாள்தான்.

கல்லூரிக்கு வருவோம். சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டிய அங்கீகாரச் சான்றை நம்பாதீர்கள், என்.சி.டி.இ. தளத்தில் தென்மண்டலப் பட்டியலில் பெயரும் முகவரியும் அனுமதித்த இடங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அங்கீகாரம் திரும்பப் பெற்றபின் வாங்கும் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது, என்.சி.டி.இ. சட்டப் பிரிவு 17 அப்படித்தான் சொல்கிறது. ஆண்டுக்கு 100 பேரைச் சேர்க்கும் கல்லூரிக்கு முழுநேர ஆசிரியர் 16 பேர் வேண்டும். அவர்கள் பட்டியலைப் புகைப்படத்தோடு கல்லூரித் தளத்தில் போட்டிருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்குப் போங்கள். படத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் ஸ்டாஃப் ரூமில் இருக்கிறார்கள்? வகுப்பில் மாணவர்கள் இருக்கிறார்களா, பூட்டா?

பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள் என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். "நீங்களே உங்க ஊர்ல ஒரு ஸ்கூல் பார்த்துக்கங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் கலந்தாய்வு முடியும்வரை தனியாருக்கு முன்பணம் கட்டாதீர்கள். கட்டினால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, ரெக்கார்டு நோட்டுக் கட்டணம் உட்பட. தயவுசெய்து, அசல் பட்டத்தைக் காட்டிவிட்டுக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.