வைல்டு கார்டு: ஆகுகுறி

உரைத் தேடுபொறியில் ஒரு சொல்லின் ஒரு பகுதி மட்டும் தெரிந்திருக்க, தெரியாத பகுதிக்கு ஈடாக இடும் குறியை வைல்டு கார்டு என்கிறோம். பெரும்பாலான வினவல் தொடரமைப்புகளில் (தேடலை எழுதும் விதிமுறைகளில்) உடுக்குறி (*) எத்தனை எழுத்துகளுக்கும், வினாக்குறி (?) ஒரே ஓர் எழுத்துக்கும் நிற்கும். 1971இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பிலேயே கோப்புப் பெயர்களைத் தேட இக்குறிகள் பயன்பட்டன.

பெயர் சீட்டாட்டத்திலிருந்து வந்தது. ரம்மி ஆடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: கையில் ஆட்டீன் ஐந்தும் ஏழும் இருந்து ஆறு வராதபோது, நடுவே ஜோக்கரைச் செருகினால் அதுவே ஆறாகிவிடும். 'வைல்டு' என்பது இங்கே காட்டைக் குறிக்கவில்லை, ஒரு மதிப்புக்குக் கட்டுப்படாத நிலையையே குறிக்கிறது. எனவே 'காட்டுச் சீட்டு' என்று பெயர்ப்பது பிழை.

ஆகுபெயர் என்ற இலக்கணச் சொல்லை ஒட்டி 'ஆகுகுறி' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. ஆகுபெயர் தன்னோடு தொடர்புடைய ஒன்றைத்தான் சுட்டும், ஆகுகுறியோ எதுவாகவும் ஆகும் என்ற வேறுபாடு உண்டு. ஆயினும் ஒன்று மற்றொன்றாகி நிற்கும் தன்மை இரண்டுக்கும் பொது. வினைத்தொகை ஆதலால் இடையில் வல்லினம் மிகாது.

லூசீன் தேடுபொறியின் வழக்கமான தொடரமைப்பு, சொல்லின் தொடக்கத்தில் ஆகுகுறி இடுவதை இயல்பாக ஏற்பதில்லை. சொற்கள் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால், முதலெழுத்து தெரியாமல் அகராதியில் தேடுபவர் எல்லாப் பக்கங்களையும் புரட்ட வேண்டியிருப்பது போன்ற நிலை அதற்கும் நேர்கிறது.

தமிழில் இதைவிடப் பெரிய இடர் எழுத்தை எண்ணுவதில் இருக்கிறது. 'மரம்' நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறியிலோ (யூனிகோடு) மகர மெய்யின் புள்ளி தனிக் குறியீடாக எண்ணப்படுவதால் நான்கு. ஆகவே லூசீனில் 'மர?' என்று தேடினால் மரம் வராது. ஐகாரக் குறி தனியாக எண்ணப்படும் 'மரை' வந்து நிற்கும். 'மரம்*' என்று இட்டாலோ மரத்தை, மரத்தில் என்னும் வேற்றுமை வடிவங்கள் தப்பிவிடும். 'மர*' என்று தளர்த்தினால் மரபும் மரணமும் சேர்ந்து வரும். வேற்றுமை வடிவங்களைச் சேர்ப்பது சொல்லை அடியாகவும் விகுதியாகவும் பிரிக்கும் சொற்பகுப்பு நிரலின் வேலை, அதை ஆகுகுறியின் மேல் ஏற்றலாகாது. ஆனால் வினாக்குறி குறியீட்டை அன்றி எழுத்தை ஏற்குமாறு வரையறுப்பது தொடரமைப்பை வகுப்பவரின் கையில் உள்ளது. அவ்வாறு வரையறுத்தால் 'மர?' என்று கேட்டவருக்கு மரமும் மரபும் கிடைக்கும், இரண்டே எழுத்துள்ள மரை விலகிக்கொள்ளும்.